கேம் இசையை ஊர் மண்டபத்தில் போட்டுக் காட்டுவது எப்படி

பிடித்த கேம் இசையை நண்பருக்கு வாட்சாப்பில் அனுப்பினால் பெரும்பாலும் ஒரு கட்டைவிரல் படம்தான் திரும்பி வரும். அவர் இருபது விநாடி கேட்டிருப்பார், அவ்வளவுதான். இசையிலும் குறையில்லை, கேட்டவரிடமும் குறையில்லை. சினிமாப் பாட்டு தனியாக நிற்கும்படி கட்டியது. பல்லவி, சரணம், இடையிசை என்று நான்கைந்து நிமிடத்தில் ஒரு முழுமை கிடைத்துவிடும். கேம் இசை கட்டப்படுவது வேறு மாதிரி. கை ஒரு வேலையில் மும்முரமாக இருக்கும்போது, ஒரே மெட்டு சுற்றிச் சுற்றி வந்து, ஆடுபவர் செய்வதற்கேற்ப மாறி ஒலிக்க வேண்டும். கையையும் சுற்றையும் மாற்றத்தையும் கழித்துவிட்டு மெட்டை மட்டும் அனுப்புவது, காவடி இல்லாத இடத்தில் உறுமி மேளத்தை ஒலிப்பதிவாகக் கேட்கச் சொல்வது மாதிரி.

ஆகவே, இசையைப் பகிர வேண்டுமென்றால் அது உங்களுக்குக் கிடைத்த நிலைமையையும் சேர்த்துப் பகிர வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட், பாகாவ் போன்ற தோட்டப் பட்டணங்களில் இதற்கு வேண்டியதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி மண்டபமோ பாலாய் ராயா என்ற ஊர்ப் பொது மண்டபமோ கோயில் மண்டபமோ கிடைக்கும், மைக் செட் வைத்திருக்கும் ஓர் அண்ணன் இருப்பார், பஜனைக் குழுவில் ஒரு ஆர்மோனியம் இருக்கும். பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேர், எழுபத்தைந்து நிமிடம், எட்டு உருப்படி. இந்த அளவை வைத்துத்தான் கீழே உள்ள எல்லாம் சொல்லப்படுகிறது. முப்பது பேருக்கு மேல் போனால் இது கச்சேரியாகிவிடும், பேச்சு நின்றுபோகும்.

எதை எடுப்பது

உங்களுக்கு மிகவும் பிடித்த எட்டை எடுக்காதீர்கள். மூன்று கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடிகிற எட்டை எடுங்கள். இது ஒலித்தபோது கை என்ன செய்துகொண்டிருந்தது? ஒரு முறை ஆட உட்கார்ந்தால் இதை எத்தனை தடவை கேட்க நேரும்? என்ன நடந்தால் இந்த இசை மாறும் அல்லது நிற்கும்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்த உருப்படியை வீட்டில் வைத்துவிடுங்கள், எவ்வளவு இனிமையாக இருந்தாலும் சரி.

முதல் உருப்படியாக 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஒலியைப் போடுவதுதான் நல்லது. மொத்தம் நான்கே தாழ்ந்த சுரங்கள், ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கும், மறுபடி முதலிலிருந்து. எதிரிகளைச் சுடச் சுட மிச்சமிருப்பவர்கள் வேகமாக நகர்வார்கள், அந்த நான்கு சுரமும் கூடவே வேகம் பிடிக்கும். வரையவேண்டிய உருவங்கள் குறையும்போது அந்தக் காலத்துக் கணினிச் சில்லு அவற்றைச் சீக்கிரம் நகர்த்திவிடும். அங்கிருந்து பிறந்த வேகம் அது. ஒரு நிமிடத்தில் மண்டபத்தில் இருக்கும் எல்லாருக்கும், கேமே பார்த்திராத பாட்டிக்கும்கூட, விஷயம் புரிந்துவிடும்: ஆடுபவர் செய்வதற்கேற்ப இசை நடக்கிறது. சாமி வந்தவரைப் பார்த்து உறுமிக்காரர் காலத்தைத் தூக்குவதைக் கண்ட ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இரண்டாவதாக, 1985-இல் கோஜி கோண்டோ இசையமைத்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ். முதல் கட்டத்தின் மெட்டைப் போடுங்கள், ஆனால் நேரம் 100-க்குக் கீழே போனதும் எச்சரிக்கை ஒலித்து அதே மெட்டு ஓட்டம் பிடிக்கும் இடம் வரை போடுங்கள். பலர் அந்த வேகத்தைக் கேட்டதும் தங்களை அறியாமல் நிமிர்ந்து உட்காருவார்கள். சாதாரண மெட்டை மட்டும் போட்டு நிறுத்தினால் ‘ஆ, மாரியோ’ என்பதோடு போய்விடும்.

மூன்றாவது டெட்ரிஸ். 1989-இல் கேம் பாய் என்ற கையடக்கக் கருவியில் வந்தபோது அதன் முதல் தேர்வாக இருந்த மெட்டு ஒரு ரஷ்ய நாட்டுப்பாட்டு. நெக்ராசோவ் 1861-இல் வெளியிட்ட கவிதையிலிருந்து வந்தது. ஊர் ஊராகத் துணிமணி விற்கும் வியாபாரி ஒருவன், பேரம் பேசும் ஒரு பெண், இதுதான் அதன் கதை. தோட்டத்து வரிசை வீட்டு வாசலில் துணி மூட்டையை அவிழ்த்த வியாபாரியை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும், கட்டைகள் விழுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அறிமுகம்: மூன்று வாக்கியம், பிறகு மௌனம்

ஒவ்வொரு உருப்படிக்கும் முன்னால் மூன்று வாக்கியம் பேசுங்கள். முதல் வாக்கியம் இடம்: ஆடுபவர் எங்கே நிற்கிறார். இரண்டாவது வேலை: கை என்ன செய்கிறது. மூன்றாவது காது: எதைக் கவனிக்க வேண்டும். ‘அருமையான இசை’, ‘கேட்டால் அழுகை வரும்’ என்ற பேச்சை முழுக்க விட்டுவிடுங்கள். அழுகை வரும் என்று சொன்னால் கேட்பவர் தன் கண்ணையே கவனித்துக்கொண்டிருப்பார். வராவிட்டால் அவருக்குத்தான் சங்கடம்.

எடுத்துக்காட்டாக, மைன்கிராஃப்டுக்கு இப்படிச் சொல்லலாம்: “கேம் முழுக்கச் சதுரக் கல்லும் மரமும்தான், எதிரே யாரும் இல்லை. ரொம்ப நேரமா மண் வெட்டிக்கிட்டே இருக்கோம், சத்தமே இல்லை. இப்ப கொஞ்ச நேரம் ஒன்னும் கேட்காது, கேட்க ஆரம்பிக்கிறப்ப எங்கிருந்து வருதுன்னு பாருங்க.” சொல்லிவிட்டு உண்மையிலேயே நாற்பது விநாடி மௌனம் விடுங்கள். அந்த மௌனத்தைக் கோப்பிலேயே சேர்த்துவிடுவது நல்லது. கையால் நிறுத்திப் பிடித்தால் பதினைந்தாவது விநாடியிலேயே பொறுமை போய்விடும். 2011-இல் முழுதாக வெளிவந்த இந்த கேமுக்கு சி418 என்ற பெயரில் இயங்கும் டேனியல் ரோசன்ஃபெல்ட் அமைத்த பியானோ இசை, நிமிடக்கணக்கான அமைதிக்குப் பிறகு சொல்லாமல் வந்து சொல்லாமல் போகும். ஆடியவர்கள் மனதில் அது தங்குவதற்குப் பாதிக் காரணம் அந்த அமைதி. அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது யாரோ மெதுவாகப் பியானோ வாசிப்பது மட்டும்.

ஒலிக்கும்போது பேசாதீர்கள். ‘இதோ, இப்ப வரும் பாருங்க’ என்பதும் பேச்சுதான். கேட்பவரின் கண்டுபிடிப்பை நீங்கள் பறித்துக்கொள்கிறீர்கள்.

எவ்வளவு நேரம், எங்கே வெட்டுவது

சுற்றி வரும் மெட்டாக இருந்தால் இரண்டு முழுச் சுற்று, பிறகு ஆறிலிருந்து எட்டு விநாடியில் ஒலியை இறக்குங்கள். ஒரே சுற்றோடு நிறுத்துவதுதான் பலர் செய்யும் தவறு. முதல் சுற்றில் கேட்பவர் மெட்டைத் தேடிக்கொண்டிருப்பார். இரண்டாவதில்தான் ‘இது வரப்போகிறது’ என்று எதிர்பார்த்து, வந்ததும் திருப்திப்படுவார். கேம் இசை மனதில் ஒட்டுவது முழுக்க அந்த எதிர்பார்ப்பால்தான். மூன்றாவது சுற்று போட்டால், கையில் வேலை இல்லாதவருக்கு அலுத்துவிடும். சுற்று எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க ஒலிக்கோப்பை ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து அலைவடிவத்தைப் பாருங்கள். ஒரே மலைத்தொடர் இரண்டாவது தடவை தொடங்கும் இடம் கண்ணுக்கே தெரியும்.

சுற்றாத உருப்படிகளை வெட்டாதீர்கள். 2012-இல் வந்த ஜர்னி கேமுக்கு ஆஸ்டின் வின்டோரி எழுதிய தொடக்க இசை தனிச் செல்லோவில் ஆரம்பிக்கும். அது மணலில் தனியாக நடக்கும் ஆடுபவரின் குரல். அதன் முதல் அரை நிமிடத்தை ‘மெதுவாக இருக்கிறதே’ என்று வெட்டினால் மீதி முழுக்க வீண்.

பழைய பெட்டியில் கேட்டவர்களுக்கு ஏன் ‘இது அந்தப் பாட்டு இல்லை’ என்று தோன்றுகிறது

தோட்டப் பட்டணங்களில் இந்த நிகழ்ச்சி நடத்தும்போது எதிர்பார்க்க வேண்டிய பெரிய சிக்கல் இது. முப்பத்தைந்து, நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பலர் சிறுவயதில் ஆடியது நின்டெண்டோவின் அசல் பெட்டியில் இல்லை, மைக்ரோ ஜீனியஸ் போன்ற நகல் பெட்டிகளில். இணையத்திலிருந்து எடுத்த அசல் இசையைப் போட்டால் அவர்கள் தலையை ஆட்டி, ‘இல்லப்பா, இது வேற மாதிரி இருக்கு’ என்பார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. ஞாபகப் பிசகு என்று ஒதுக்காதீர்கள்.

காரணம் இரண்டு. முதலாவது வேகம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சிப் படம் விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படும். மலேசியாவில் பயன்பட்ட பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் 50 தடவை. அந்தக் கால கேம்கள் ஒவ்வொரு படப் புதுப்பிப்புக்கும் ஒரு தடவை இசையை ஓர் அடி நகர்த்தின. ஆக, 50 முறையில் ஓடும் நகல் பெட்டியில் இசை ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 60 விநாடி எடுக்கவேண்டிய சுற்று 72 விநாடி எடுக்கும். ஆனால் சுரத்தின் உயரத்தை முடிவு செய்வது சில்லின் கடிகாரம், படம் அல்ல. இந்த வகை நகல் பெட்டிகளில் அந்தக் கடிகாரம் அசலுக்கு மிக நெருக்கமாகவே ஓடியது. அதனால் சுருதி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், காலம் மட்டும் விளம்பமாகும்.

இதைத் திரும்ப உண்டாக்க ஆடாசிட்டியில் சேஞ்ச் டெம்போ என்ற வசதியில் கழித்தல் 16.7 விழுக்காடு கொடுங்கள். சேஞ்ச் ஸ்பீட் என்பதைத் தொடாதீர்கள். அது சுருதியையும் சேர்த்து இறக்கிவிடும், கேசட் பேட்டரி தீர்ந்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டாவது காரணம் குரல். அந்தச் சில்லில் ஐந்து தடங்கள்: மெட்டு வாசிக்கும் சதுர அலை இரண்டு, கீழ்க்குரலுக்கு முக்கோண அலை ஒன்று, தாளத்துக்கு இரைச்சல் ஒன்று, சிறு ஒலிப்பதிவுக்கு ஒன்று. மங்கள இசைக் குழுவை நினைத்துக்கொண்டால் எளிது. இரண்டு நாயனம், ஒரு தவில், கூடவே அடியில் நிற்கும் ஒத்து. ஆனால் ஒத்து ஒரே சுரத்தில் நிற்கும், இந்த முக்கோண அலை நடமாடும். அதற்கு ஒலி கூட்டவோ குறைக்கவோ வசதி கிடையாது. ஒலிக்கும், இல்லையென்றால் நிற்கும். சதுர அலைக்கு மட்டும் அகலத்தை மாற்றலாம். பாதிக்குப் பாதி இருந்தால் புல்லாங்குழல் மாதிரி உள்ளீடற்ற குரல், கால் பங்கு இருந்தால் சீவாளி வைத்து ஊதியது மாதிரி மூக்கொலி. பல நகல் சில்லுகளில் இந்த இரண்டு அகலமும் இடம் மாறிப்போயிருந்தன. இசையமைப்பாளர் குழல் கேட்ட இடத்தில் நாயனம் வந்தது, நாயனம் கேட்ட இடத்தில் குழல்.

இந்த மாற்றத்தை முடிந்த ஒலிக்கோப்பில் செய்ய முடியாது. எஃப்சிஇயூஎக்ஸ் (FCEUX) அல்லது மெசன் (Mesen) என்ற, பழைய கேம் பெட்டியைக் கணினியில் அப்படியே போலச்செய்யும் மென்பொருளில், நீங்கள் சொந்தமாக வைத்திருக்கும் கேமை ஓட்டி, ஒலி அமைப்பில் சதுர அலை அகலத்தை இடம் மாற்றும் தேர்வைப் போட்டு, வட்டாரத் தேர்வில் டென்டி என்பதை எடுத்துப் பதிவு செய்யுங்கள். அசல் ஒன்று, நகல் ஒன்று என இரண்டையும் தயாராக வைத்திருந்து, எது எது என்று சொல்லாமல் போட்டு, ‘உங்க வீட்டுல கேட்டது எது?’ என்று கேளுங்கள். எல்லா நகல் பெட்டியும் ஒரே மாதிரி இருந்ததில்லை, ஒரே வரிசை வீட்டுக்காரர்களே வேறு வேறு பதில் சொல்லலாம். மாலையின் உயிரோட்டமான பத்து நிமிடம் இதுதான். பாட்டு எழுதப்பட்டது கியோத்தோவில் என்றாலும், இவர்கள் காதில் விழுந்தது தோட்டத்து வீட்டுத் தொலைக்காட்சி வழியாக. அந்த மெதுவான காலமும் மாறிய குரலும் அவர்களுடைய பாட்டு.

இன்னொன்று: குதிக்கும் ஒலி, காசு எடுக்கும் ஒலி போன்றவை வரும்போது சில்லு ஒரு தடத்தை இசையிடமிருந்து கடன் வாங்கிக்கொள்ளும். அந்த நொடி மெட்டில் ஒரு ஓட்டை விழும். ஆடிப் பழகியவர் நினைவில் அந்த ஓட்டைகளோடுதான் பாட்டு இருக்கிறது. தூய்மையான ஒலிப்பதிவு அவருக்கு ஏதோ குறைந்ததாகத் தோன்றினால் ஆடும்போது பதிவு செய்த ஒலியைப் போட்டுப் பாருங்கள்.

ஆர்மோனியத்தைப் பயன்படுத்துங்கள்

1998-இல் வந்த செல்டா: ஒக்காரினா ஆஃப் டைம் கேமில் ஆடுபவரே ஊதுகுழல் வாசிக்க வேண்டும். ஐந்து பொத்தான், மேற்கத்திய முறையில் ஐந்து சுரம்: ரீ, ஃபா, லா, சீ, மேல் ரீ. இவற்றைக் கொண்டே கேமின் மந்திரப் பாட்டுகள் எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன. சரியா என்ற பெயருள்ள காட்டுத் தோழி கற்றுத்தரும் பாட்டு ஃபா, லா, சீ என்று இரண்டு தடவை வரும். ஆர்மோனியக்காரரிடம் ஃபாவை சட்ஜமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்போது அந்த மூன்றும் ச, அந்தர காந்தாரம், பிரதி மத்திமம். அந்தப் பிரதி மத்திமம் வந்து விழுந்ததுமே கல்யாணியின் வாசனை அடிக்கும். அவர் உடனே தலையாட்டுவார். கேமை ராகத்தில் அடைத்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம், பாட்டு போகப்போக வேறு வழியில் போய்விடும். ஆனால் அந்த முதல் மூன்று சுரம் ஏன் வெளிச்சமாக, காலை நேரக் காடு மாதிரி இருக்கிறது என்பதற்கு நம் காதுக்குத் தெரிந்த விடை அது.

இதைச் செய்யும் முறை: முதலில் ஆர்மோனியத்தில் மூன்று சுரம். பிறகு சுத்த மத்திமத்தை வைத்து அதே மூன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டம் கேட்டபிறகு கேமின் ஒலிப்பதிவைப் போடுங்கள். ஆர்மோனியத்தின் சுருதியை முந்தைய நாளே ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். பழைய ஆர்மோனியங்கள் கால் சுரம் வரை விலகியிருக்கும், விலகல் அதிகமானால் இரண்டையும் ஒன்றாக ஒலிக்கவிடாமல் அடுத்தடுத்து மட்டும் போடுங்கள்.

வெண்பா

2023-இல் கனடாவின் விசாய் கேம்ஸ் வெளியிட்ட வெண்பா, 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்து இட்லியும் புட்டும் செய்வதுதான் ஆட்டம். பின்னணியில் தமிழ்ப் பாடல்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு பத்தாண்டின் திரையிசைப் பாணியில், இந்த கேமுக்காகவே புதிதாக உருவாக்கப்பட்டவை. இசையமைத்தவர் ஆல்ஃபா சம்திங் என்ற பெயரில் இயங்குபவர். 2024-இல் இந்த கேமுக்கு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் அறிமுக கேம் விருது கிடைத்தது.

இதை ஏழாவது உருப்படியாக வையுங்கள், முதலில் வைக்காதீர்கள். முதலில் போட்டால் கூட்டம் இதைச் சினிமாப் பாட்டாகக் கேட்டு, எந்தப் படம் என்று தேட ஆரம்பிக்கும். ஆறு கேம்களைக் கேட்டு, ‘கை என்ன செய்கிறது’ என்ற கேள்வி பழகியபிறகு போட்டால் வேறு மாதிரி விழும். வார்த்தை புரிகிறது, மெட்டு நம் வீட்டு வானொலி மாதிரி இருக்கிறது, கை இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருக்கிறது. வாசலில் அடுப்பு, உள்ளே வானொலி என்று இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். அறிமுகத்தில் கதையின் பிற்பாதியைச் சொல்லிவிடாதீர்கள், யாராவது பிறகு ஆடிப் பார்க்க விரும்புவார்கள்.

கேமில் இசையா என்று கேட்கும் பெரியவர்களுக்கு வாதம் வேண்டாம். 2021 ஜூலை 23-இல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகள் அணிவகுத்தபோது ஒலித்தது முழுக்க ஜப்பானிய கேம் இசை, டிராகன் குவெஸ்ட் இசையில் தொடங்கி. மலேசியக் கொடி உள்ளே வந்தபோதும் அப்படித்தான். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஏற்கெனவே கேட்டாயிற்று.

வரிசையை இப்படி வைத்தால் நன்றாக ஓடும்: ஸ்பேஸ் இன்வேடர்ஸ், மாரியோவின் இரண்டு வடிவம், டெட்ரிஸ், அண்டர்டேல் தொடக்க மெட்டு, ஆர்மோனியத்தோடு சரியா பாட்டு, மைன்கிராஃப்ட், வெண்பா, கடைசியாக ஜர்னி. டோபி ஃபாக்ஸ் 2015-இல் செய்த அண்டர்டேலில், தொடக்கத்தில் எளிமையாக வரும் மெட்டு முடிவை நெருங்கும்போது நீண்டு திரும்பி வரும். நேரமிருந்தால் ஜர்னிக்குப் பதில் அந்தத் திரும்பி வரும் வடிவத்தைக் கடைசியாகப் போடுங்கள், ஒன்றும் சொல்லாமல். நான்காவது உருப்படியாகக் கேட்டதை யாராவது ஒருவர் அடையாளம் கண்டு முணுமுணுப்பார்.

ஒலி ஏற்பாடு

எட்டுக் கோப்பையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவருவது முதல் வேலை. பழைய சில்லு இசை எப்போதும் முழு உரப்பில் கத்தும், செல்லோ தனி இசை முனகும். ஆடாசிட்டியில் லவுட்னஸ் நார்மலைசேஷன் என்ற வசதி தானாகக் காட்டும் அளவு கழித்தல் 23. மண்டபத்துக்கு அதைக் கழித்தல் 18 ஆக்குங்கள். அப்படியும் சதுர அலை காதைக் குத்தும், மிக்சரில் உயரொலித் திருகை அந்த உருப்படிகளுக்கு மட்டும் 3 டெசிபல் இறக்கச் சொல்லுங்கள். நடு நாற்காலியில் கைப்பேசி ஒலிமானி 70 முதல் 75 டெசிபல் காட்டினால் போதும்.

கோப்புகளை மடிக்கணினியிலோ பென்டிரைவிலோ வைத்துக்கொள்ளுங்கள். இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டினால் மைன்கிராஃப்ட் மௌனத்துக்கு நடுவே விளம்பரம் பாயும். பென்டிரைவ் என்றால் ஃபாட்32 வடிவம். மலிவான மிக்சர்கள் பலவும் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, எதை முதலில் நகல் எடுத்தீர்களோ அதை முதலில் ஓட்டும். அதனால் ஒவ்வொன்றாக, வரிசைப்படி நகல் எடுங்கள்.

கம்பியில்தான் அடிக்கடி தவறு நடக்கும். மடிக்கணினியின் இயர்ஃபோன் துளையிலிருந்து மைக் உள்ளீட்டுக்கு, மூன்று முள் கொண்ட எக்ஸ்எல்ஆர் முனையுள்ள கம்பி ஒன்றைச் சொருகுவார்கள். சில கம்பிகளில் இடது ஒலி ஒரு முள்ளுக்கும் வலது ஒலி இன்னொரு முள்ளுக்கும் போகும். மைக் உள்ளீடு அந்த இரண்டின் வித்தியாசத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது அழிந்துபோகும். அறிகுறி தெளிவானது: புதிய இசை மெலிந்து, தூரத்தில் கேட்கும். மாரியோ போன்ற, இடது வலது என்று பிரியாத மோனோ இசை கிட்டத்தட்ட காணாமலே போய்விடும். ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று நினைத்து அரை மணி நேரம் வீணாக்குவார்கள். 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ முனையிலிருந்து இரண்டு 6.35 மில்லிமீட்டர் ஒற்றை முனைகளாகப் பிரியும் கம்பியை வாங்கி, இரண்டையும் மிக்சரின் லைன் உள்ளீடுகளில் சொருகுங்கள். ஒன்றை மட்டும் சொருகினால் கேம் பாய் இசையில் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்த குரல் முழுசாகப் போய்விடும். மண்டபத்தின் இரண்டு ஓரத்திலும் ஒலிபெருக்கி நிற்கிறதென்றால் எல்லாக் கோப்பையும் மோனோவாக மாற்றிவிடுவதே நல்லது, இல்லையென்றால் இடது வரிசையில் உட்கார்ந்தவருக்கு மெட்டு, வலது வரிசைக்குத் துணை மட்டும்.

கோயிலில் கட்டியிருக்கும் கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம். அதில் கீழ்க்குரல் வராது, முக்கோண அலை முழுக்க மறைந்து மெட்டு அந்தரத்தில் தொங்கும். பெட்டி ஒலிபெருக்கிதான் வேண்டும். ‘ம்ம்’ என்ற இரைச்சல் வந்தால் மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அன்று மாலை பேட்டரியில் ஓட்டுங்கள். பிளக்கின் எர்த் முள்ளை எடுத்துவிடும் பழக்கம் உயிருக்கு ஆபத்து. புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். கேட்க மட்டும் என்றால் பரவாயில்லை, யாராவது ஆடிக் காட்டும்போது பொத்தானுக்கும் ஒலிக்கும் நடுவே இடைவெளி விழுந்து இசைக்கும் கைக்கும் உள்ள உறவே அறுந்துவிடும். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள்.

நேரம், மழை, மக்கள்

மேற்குக் கரையோர ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். தகரக் கூரையில் அந்த மழை விழுந்தால் எந்த ஒலிபெருக்கியும் ஜெயிக்காது. ஒலியைக் கூட்டிப் போட்டி போடாதீர்கள். நிறுத்திவிட்டு, கண்ட்ரோலரைக் கையில் கொடுத்து ஆட விடுங்கள். மழை விட்டதும் தொடரலாம். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மேல் தொடங்குவது வசதி. பக்கத்தில் சூராவ் என்ற சிறு தொழுகை இல்லம் இருந்தால் இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு 8.30-ஐ ஒட்டி வரும். அந்த நாளின் நேரத்தைப் பார்த்து அங்கே ஓர் இடைவெளி வைத்து தே தாரிக் கொடுங்கள். கோயில் மண்டபம் என்றால் பூசை நேரத்தைக் குருக்களிடம் கேட்டபிறகே தேதி குறியுங்கள். கட்டணம் வாங்கினாலோ பொது நிகழ்ச்சியாக அறிவித்தாலோ இசை உரிமம் தேவைப்படும், மண்டபப் பொறுப்பாளரிடம் முன்பே பேசுங்கள். இசைத்தொகுப்புகள் பல தனியாக விற்கப்படுகின்றன, வாங்கியே போடுங்கள்.

உருப்படி முடிந்ததும் ‘பிடிச்சிருக்கா?’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக ‘நல்லா இருக்கு’ என்பார்கள், பேச்சு அங்கேயே செத்துவிடும். “பாட்டி, இது காலை நேரமா ராத்திரியா?” “அண்ணே, நடக்குறதா ஓடுறதா?” “தம்பி, இப்ப உள்ள ஆளு தனியா இருக்காரா, கூட யாராச்சும் இருக்காங்களா?” இப்படிக் கேட்டால் எல்லாரிடமும் ஒரு பதில் இருக்கும். தவறான பதில் என்று ஒன்று கிடையாது. ராத்திரி என்று பாட்டி சொன்னால், எந்த ஒலி அவருக்கு ராத்திரியைக் கொடுத்தது என்று கேளுங்கள். அதன்பிறகுதான் கேமில் அது எந்த இடம் என்று சொல்லுங்கள். மைன்கிராஃப்டில் ஆடுபவர் தனியாக இருக்கிறார் என்பதைக் கேமே பார்த்திராதவர்கள் சரியாகச் சொல்லும்போது, அந்த இசை ஏன் உங்களைப் பிடித்தது என்பதை நீங்கள் விளக்கத் தேவையில்லாமல் போகும்.

வீடு திரும்புவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுத் தாளில் இரண்டு விஷயம் எழுதி வாங்குங்கள்: எந்த உருப்படி இன்னும் காதில் ஓடுகிறது, தன்னிடம் இருக்கும் ஒரு கேம் இசையின் பெயர். பெயர் தெரியாதவர் மெட்டை முணுமுணுக்கட்டும், கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த மாத எட்டு உருப்படியை அந்தத் தாள்களிலிருந்து எடுங்கள், மூன்று கேள்வியையும் இந்தத் தடவை அவர்களிடம் கேளுங்கள்.